கதவைத் தட்டினால் வண்டி நிற்காது

என் மகள் ஜின்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இதை நான் சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இனி யாரும் பாக்கியில்லை. ரப்பர் பால் எடுக்கப் போகிற வழியில் கட்டிப் போட்டிருக்கிற மாட்டிடம்கூடச் சொல்லிவிட்டேன். குழந்தைக்குக் காது இரண்டும் கறிவேப்பிலை மாதிரி அத்தனை சின்னது. சரி, அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது குழந்தையின் இன்னொரு தாத்தாவைப் பற்றி. பேர் பைலி. என் மருமகன் டிஜோவின் அப்பா.

பைலி மலைப் பாதையில் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கிளியாக இருந்தவர். கதவில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றி இறக்குகிறவருக்கு எங்கள் பக்கத்தில் கிளி என்றுதான் பேர். மீசை முளைக்கிற வயசில் ஏறினார், தலை நரைத்து இறங்கினார். அந்த ரோட்டில் எந்த அம்மச்சிக்கு முட்டி வலி, எந்தப் பிள்ளை சோற்றுப் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டு இறங்கும், எந்தச் சேட்டன் குடித்திருந்தால் தன் நிறுத்தம் தாண்டித் தூங்கிப் போவான், எல்லாம் அவருக்குத் தெரியும்.

வளைவில் எதிரே லாரி வந்து மாட்டிக்கொண்டால் பைலி குதித்து பஸ்ஸின் பின்பக்கம் ஓடுவார். தகரத்தில் உள்ளங்கையால் தட் தட் என்று மெல்லத் தட்டினால் 'வா, வா'. ஓங்கி ஒரே அடி அடித்தால் 'நில்'. அந்தச் சத்தம் கேட்டதும் டிரைவரின் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிடும். அவர் தட்டிப் பின்னால் எடுத்த பஸ் ஒரு கல்லில்கூட உரசியதில்லை.

ஆனால் ஸ்டீயரிங்கை அவர் தொட்டதேயில்லை. யாராவது கேட்டால், "எனக்கு எதுக்குப்பா? டிரைவருக்கு முன்னாடி மட்டும்தான் கண்ணு. எனக்கு உடம்பெல்லாம் கண்ணு" என்பார்.

வினை கல்யாணப் பேச்சில் வந்தது. டிஜோ குவைத்தில் நர்ஸ். பையனைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்த தரகர் அப்பாவைப் பற்றி ஆரம்பித்தார். "அப்பன் பஸ்ல. இத்தனை வருஷமா அந்த வண்டியே அவர் கையிலதான் ஓடிச்சு."

என் மனைவி மரியக்குட்டி கண்ணை விரித்தாள். "ஓ, டிரைவரா!"

அப்போது பைலி வாய் நிறைய அச்சுமுறுக்கு. தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா, முறுக்கு தொண்டையில் மாட்டியதில் ஆட்டினாரா, யார் பார்த்தது? மரியக்குட்டி ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். மறு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று, "எங்க சம்பந்தி மலையில பஸ் ஓட்டினவராக்கும்" என்று எல்லோரிடமும் சொன்னாள். நானும் கூட நின்று ஆமாம் போட்டேன். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் சக்கரம் பிடித்தவர் என்றால் மரியக்குட்டியின் அண்ணன் குரியச்சன் ஒருத்தர்தான். அவரும் ஜீப் வைத்திருக்கிற கர்வத்தில் எங்களை மதிக்கமாட்டார். அதனால் எங்களுக்கு பைலி தேவையாக இருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் ஒவ்வொரு தடவையும் பைலி எங்கள் வீட்டுக்குக் கிளம்புவாராம். வாசலில் கால் வைத்ததுமே மரியக்குட்டி, "டிரைவர் சேட்டன் வந்தாச்சு, காப்பி போடு" என்பாள். சொல்ல வந்தது காப்பியோடு உள்ளே போய்விடும்.

ஏழாம் மாசம் ஜின்சியைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். அந்தச் சமயம் பார்த்து டிஜோ பணம் அனுப்பி, பைலி வீட்டுக்கு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்க வைத்தான். தான் லீவில் வரும்போது ஓட்ட என்று. மரியக்குட்டிக்கு இது போதாதா?

"அப்புறம் என்ன? கொச்சு பிறந்து ரெண்டு மாசம் முடிஞ்சதும் வாடகை வண்டியெல்லாம் வேண்டாம். தாயையும் பிள்ளையையும் நீங்களே கார்ல வந்து கூட்டிட்டுப் போகணும். சும்மா இல்ல, எங்க அண்ணன் முன்னாடி ஓட்டிட்டுப் போகணும்."

பைலியின் முகம் வெளுத்தது. காய்ச்சல் வருகிறது என்று நினைத்து நான் சுக்குக் காப்பி போடச் சொன்னேன்.

தன் ஊர் டிரைவிங் ஸ்கூலில் அவரால் சேரமுடியாது. அங்கே பஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். இரண்டு பஸ் மாறி, கீழே உள்ள டவுனுக்குப் போய், சோசம்மா என்கிற டீச்சரிடம் சேர்ந்தார். அந்தம்மாவுக்கு நாக்கு அரிவாள்.

"இதுக்கு முன்னாடி வண்டியில பழக்கம் உண்டா அச்சாயா?" என்று கேட்டாளாம்.

"உண்டு."

"எந்தப் பக்கம்?"

"கதவுப் பக்கம்."

ஆள் கெட்டிதான். வண்டியின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்பது முதல் நாளே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மற்றப் பிள்ளைகள் கண்ணாடியில் அடையாள ஒட்டு ஒட்டிவைத்து அதைப் பார்த்துத் திருப்பும்போது, இவர் முதுகாலேயே இடத்தை அளந்தார். கோளாறு ஒன்றே ஒன்றுதான். வண்டியை நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் வலது கை ஜன்னலுக்கு வெளியே போய்க் கதவின் தகரத்தில் ஓங்கி ஒரு அடி அடிக்கும். அடித்துவிட்டு வண்டி நிற்கக் காத்திருப்பார். கால் சும்மா இருக்கும். அதுதான் நில் என்று சொல்லியாயிற்றே, இனி நிறுத்த வேண்டியது டிரைவர்.

"அச்சாயா! யாரைக் கூப்பிடறீங்க? டிரைவர் நீங்கதான்!" என்று கத்திக்கொண்டே சோசம்மா தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பாள்.

ஒருநாள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். உள்ளிருந்தே கண்ணாடியை அடித்தார். உடைந்துவிடுமோ என்று மறுபடி இறக்கிவிட்டாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குத் தேய்த்துக் குளிக்கிற தைலம் அந்த டவுன் வைத்தியசாலையில்தான் நன்றாக இருக்கும் என்று மரியக்குட்டி அனுப்பினாள். தைலக் குப்பியோடு திரும்பி வரும்போது சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரே சிரிப்பு. லைசென்ஸ் டெஸ்ட் நடக்கிற நாள். வேலை இல்லாதவன் எல்லாம் கடலைப் பொட்டலத்தோடு சுவரில் ஏறி உட்கார்ந்திருப்பான். எனக்கும் வேலை இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன்.

எச் என்கிற எழுத்து மாதிரி கம்பி நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பார்கள். கம்பியில் படாமல் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி போய், கடைசிக் கோட்டில் வந்து நிற்கவேண்டும். கம்பி விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"அடுத்தது ஒரு அப்பச்சன் வராருடா! எல்லாரும் குனிஞ்சுக்கோங்க, நம்ம மேல ஏத்திருவாரு" என்றான் ஒருத்தன்.

காரில் ஏறி உட்கார்ந்தது பைலி.

எனக்கு முதலில் புரியவில்லை. தெரிந்தவர் யாருக்காவது ஓட்டிக் காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் கார் முன்னால் சிவப்பில் எழுதியிருந்த 'எல்' என்கிற எழுத்தைப் பார்த்தேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்புதான். அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரிய அது போதும்.

நன்றாகத்தான் ஓட்டினார். ஒரு கம்பிகூட அசையவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிவிட்டார்கள். எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியாகப் பின்னால் எடுத்து வந்தார். கோடு வந்தது. கை வெளியே வந்து கதவில் 'டப்' என்று ஒரு அடி. கார் நிற்கவில்லை. ஒரு கம்பி சாய்ந்தது. இன்னும் ஓங்கி ஒரு அடி. அடுத்தடுத்துக் கம்பிகள் சரிந்தன. மூன்றாவது அடியை அவர் அடித்தபோது கார் மண் மேட்டில் முட்டி, உறுமி, தானே அணைந்து போயிற்று.

இன்ஸ்பெக்டர் நிதானமாக நடந்து போனார். "பின்னாடி யாருக்குச் சிக்னல் கொடுக்கறீங்க? பஸ் ஏதாவது வருதா?"

சுவரில் ஒருத்தனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "டேய், ஆளு கிளிடா! பஸ்ஸுல கிளி!" என்று கத்தினான். அவ்வளவுதான். சுவரில் இருந்த அத்தனை பேரும் சுவரையும் தகரப் பலகையையும் தட் தட் என்று தட்டினார்கள். "வா, வா, வா, ஒடிச்சு வா... நில்லு!" என்று ஒரே கூச்சல்.

பைலி இறங்கினார். தலையைக் குனிந்துகொண்டு, விழுந்த கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி நட ஆரம்பித்தார். வேட்டி நுனியில் மண். "அதெல்லாம் நீங்க செய்ய வேண்டாம், தள்ளுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அந்த இரக்கம்தான் சிரிப்பைவிட மோசமாக இருந்தது. பைலி ஒரு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். தைலக் குப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூட்டம் கலைகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மரியக்குட்டி தொட்டில் துணி தைத்துக்கொண்டே, "டிரைவர் சேட்டன் அன்னிக்கு வெள்ளைச் சட்டைதான் போட்டுட்டு வரணும், போட்டோவுக்கு நல்லாருக்கும்" என்கிறாள். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கொட்டாவி விட வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். கொட்டாவி விட்டால் வாய் ஒரு குன்றிமணி அளவுதான் திறக்கும். அதைப் பார்க்கையில்கூட, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன்தான் கண்ணுக்குள் வந்தார்.

கூட்டிப் போகிற நாள் வந்தது. பைலி வெள்ளைச் சட்டையில், வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். பக்கத்தில் அவர் மனைவி ஏலி, ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி. பாஸாகிவிட்டார் போல என்று எனக்கு மூச்சு வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஜெபம் முடிந்தது. கப்பக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுக் காப்பி குடிக்கும்போது குரியச்சன் தன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பைலி பக்கத்தில் உட்கார்ந்தார். கேலிக்கு இல்லை, நிஜமான மரியாதையோடுதான் கேட்டார்.

"பைலி, நம்ம சர்ச் இறக்கத்துல நான் ரெண்டாவது கியர்லதான் இறங்குவேன். பெரிய வண்டி ஓட்டின ஆளு நீங்க. சொல்லுங்க, சரிதானே?"

பைலி காப்பியைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எழுந்து நின்றார்.

"நான் பெரிய வண்டி ஓட்டினதில்ல. ஒரு வண்டியும் ஓட்டினதில்ல. நான் கிளி. கதவுலதான் நின்னேன்."

கோழி ஒன்று படியேறி வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று.

மரியக்குட்டிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்போ அன்னிக்குக் கேட்டதுக்கு... தலைய ஆட்டினீங்களே?"

"வாயில அச்சுமுறுக்கு இருந்திச்சு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குரியச்சன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்ல முறுக்குதான். அதை முழுங்க உங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சாக்கும்?"

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். மரியக்குட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சர்ச் வாசலில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஏலி தலையை நிமிர்த்தவேயில்லை.

"லைசென்ஸ் இருக்கு. வந்து மூணு வாரம்கூட ஆகல" என்றார் பைலி. "கொச்சு இந்த வண்டியில ஏற வேண்டாம். தாயையும் பிள்ளையையும் ஜீப்புல ஏத்துங்க. நான் தொட்டிலும் பையும் எடுத்துட்டுப் பின்னாடி வரேன்."

சேச்சே, அப்படியெல்லாம் இல்லை, உங்கள் காரிலேயே வரட்டும் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வாயிலும் வார்த்தை வந்தது. துணிக்குள் தூங்குகிற அந்தத் துளி முகத்தைப் பார்த்ததும் நின்றுபோயிற்று. ஜின்சி குழந்தையோடு ஜீப்பில் ஏறினாள். ஏலியும் மரியக்குட்டியும் கூட ஏறினார்கள். பைலி தானே தொட்டிலைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்து, அது சாயாமல் இருக்கத் தலையணை முட்டுக் கொடுத்தார். குழந்தையை உட்கார வைக்கிற மாதிரி.

நான் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கு? ஜீப்புல இடம் இருக்கே" என்றார்.

"இருக்கட்டும். நீங்க எடுங்க."

நடக்கிறவன் தாண்டிப் போகிற வேகத்தில் போனோம். ஜீப் முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் எல்லாம் ஹாரன் அடித்துத் தள்ளின. ஒரு பஸ் ஒட்டி வந்தபோது கதவில் தொங்கிய பையன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். "பைலிச் சேட்டோ! வண்டிய ஓட்டறது நீங்களா, இல்ல வண்டி உங்களையா?" பைலி, முன்னால் போ என்று கையைக் காட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது.

சர்ச் இறக்கம் தாண்டியதும் அவரே பேசினார். "எப்போ வீட்டுல சொன்னீங்க?"

"என்னத்தை?"

"மைதானத்துல என்னைப் பாத்ததை. கம்பிய எடுக்கறப்போ சுவர் மேல உங்க தலையப் பாத்தேனே. அன்னிக்கே தெரியும், உங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சாச்சுன்னு. குரியச்சன் கியரைப் பத்திக் கேட்டது என் வாயைக் கிண்டத்தானே? அதான் இனி எதுக்கு மறைக்கறதுன்னு..."

"பைலி, நான் யார்கிட்டயும் சொல்லல."

வண்டி ஒரு தடவை குலுங்கியது. ஓரமாக நிறுத்தினார். காலால்தான் நிறுத்தினார். கையை ஸ்டீயரிங்கை விட்டு எடுக்கவில்லை.

"மரியக்குட்டிகிட்ட?"

"அவகிட்டயும் இல்ல."

"அப்போ யாருக்குமே தெரியாதா? நானா வாய விட்டுட்டேனா?"

"ஆமா."

பைலி நெற்றியை ஸ்டீயரிங்கில் முட்டி முட்டி, "கர்த்தாவே, கர்த்தாவே" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகில் கை வைத்தேன். வேறு என்ன செய்வது?

மறுபடி வண்டியை எடுத்தபிறகு, எப்படிப் பாஸானீர்கள் என்று கேட்டேன். சோசம்மா டீச்சர் அவர் கையை நிறுத்தப் பார்ப்பதையே விட்டுவிட்டாளாம். "கை அடிச்சா அடிக்கட்டும் அச்சாயா. அடி கேட்டா மிதிக்கறது டிரைவர் வேலை இல்லையா? உங்க காலை டிரைவர்னு நினைச்சுக்கோங்க" என்றாளாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தினமும் பலகையை அடித்து அடித்துக் காலால் மிதித்துப் பழகியிருக்கிறார். ஏலி வீட்டில் பேய் புகுந்துவிட்டது என்றாளாம். இரண்டாம் டெஸ்டில் கடைசிக் கோட்டில் ஒரு அடி அடித்தார், அதே நொடியில் கால் மிதித்தது. கம்பி ஒன்றும் விழவில்லை. இன்ஸ்பெக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போங்க, இனி வெளிய கையைத் தொங்க விடாதீங்க" என்றாராம்.

"எல்லாரும் கை தட்டினாங்களா?" என்றேன்.

"மழை. பாக்க யாருமே வரல."

அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது ஜீப் இன்னும் வெளியே நின்றது. குரியச்சன் மரத்தடியில் முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். ஜின்சி குழந்தையோடு ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மோளே, இறங்கல?" என்று பைலி பதறினார்.

"அப்பச்சன் வராம எப்படி உள்ள போறது? கூட்டிட்டுப் போக வந்தது நீங்கதானே" என்றாள். அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அங்க வச்சு நான் வாயே திறக்கல அப்பச்சா. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு நாங்க உங்க கார்லதான் வருவோம்."

"வேண்டாம் வேண்டாம்." பைலி பின்னால் நகர்ந்தார். "கொச்சுக்குக் கழுத்து நிக்கட்டும். அதுக்கு முன்னாடி நான் தொடமாட்டேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் காரைத் தனியாக எடுத்துக்கொண்டு சர்ச் வரை போய்த் திரும்பி வருகிறாராம். எங்கே என்று கேட்கிறவர்களிடம் சும்மா என்பாராம். மரியக்குட்டி இப்போது அவரை டிரைவர் என்று சொல்வதில்லை, கிளி என்றும் சொல்வதில்லை. "சம்பந்தி" என்கிறாள், அதையும் கொஞ்சம் மெல்ல.

நேற்று ஜின்சி போன் செய்தாள். குப்புறப் போட்டால் குழந்தை தலையை நன்றாகத் தூக்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்கிறதாம். கழுத்து நின்றுவிட்டது. நான் வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஆடிவிட்டேன்.

"அப்பச்சன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுக்குக் கிளம்பறப்போ சொல்றேன். இப்பவே சொன்னா ரெண்டு நாளைக்கு சோறு இறங்காது அவருக்கு."